பழைய டெஸ்க்டொப்புக்கு யூஎஸ்பி 3.0: முதலில் ஸ்லொட்டைப் பார், பிறகு கரண்டைப் பார்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் மச்சான் வைத்திருக்கிற வீடியோ ஸ்டூடியோவில் ஒரு பழைய டெஸ்க்டொப் இருக்கிறது. இன்டெல் ஐ5-2400, எச்61 சிப்செட் மதர்போட், 8 ஜிபி ராம், பிறகு வாங்கிப் போட்ட ஒரு சாட்டா எஸ்எஸ்டி. 2011 காலத்துச் சாமான்தான், ஆனாலும் அல்பம் டிசைன் செய்ய, வீடியோ வெட்டி ஒட்ட, பில் அடிக்க இன்னும் ஒழுங்காக ஓடுகிறது. ஒரே கரைச்சல் யூஎஸ்பி. முன்னுக்கு இரண்டு துளை, பின்னுக்கு நாலு, ஆறும் பழைய 2.0 வகை. கலியாணம், சாமத்தியவீடு என்று நல்ல நாட்கள் அடுத்தடுத்து வருகிற மாதங்களில், அதோடு நல்லூர்த் திருவிழா 25 நாளும் சேர்ந்தால், கமராவில் இருந்து கழட்டிய 64 ஜிபி கார்ட்கள் மேசையில் வரிசையாகக் காத்துக் கிடக்கும். நிரம்பிய கார்ட் ஒன்றைக் கொப்பி பண்ண அரை மணித்தியாலம் போகும், அதையே வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுக்க மற்றொரு அரை மணித்தியாலம்.

"புது மெஷின் எடுத்தால்தான் சரி போல" என்று மச்சான் சொன்னார். புது மெஷினின் விலையில் மிகச் சிறிய பங்குக்கு, சில ஆயிரம் ரூபாவுக்கு, ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்ட் பூட்டினால் காணும் என்று நான் சொன்னேன். ஆனால் உடனே கடைக்குப் போக விடவில்லை. கார்ட் வாங்குவது இந்த வேலையில் கடைசிப் படி. அதற்கு முதல் பெட்டியைத் திறந்து ஸ்லொட் (மதர்போட்டில் கார்ட் பூட்டுகிற வாய்) எது, கரண்ட் எங்கே இருந்து வரும் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். "கார்ட் போட்டனான், சரி வரேல்லை" என்று என்னிடம் வந்த ஆட்களில் பாதிப்பேருக்கு மேல் கார்டில் பிழை இல்லை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். யூஎஸ்பி 2.0 என்பது 2000 ஆம் ஆண்டு வந்த தரம், விநாடிக்கு 480 மெகாபிட். எட்டால் பிரித்தால் 60 எம்பி என்று வரும், ஆனால் கொப்பி பண்ணும்போது கையில் கிடைப்பது 30 முதல் 40 எம்பி வரைதான், மிச்சம் தகவலை ஒழுங்குபடுத்தி அனுப்புகிற வேலைக்கே போய்விடும். யூஎஸ்பி 3.0 தரம் 2008 நவம்பரில் வந்தது, 5 கிகாபிட். அதில் 8 பிட் தகவலை அனுப்ப 10 பிட் செலவாகிறது, ஆகவே உச்சம் 500 எம்பி, நடைமுறையில் 400 எம்பி வரை எதிர்பார்க்கலாம். இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே (மதர்போட்டின் துளைகளை நடத்துகிற சிப்) 3.0 வைத்துத் தந்தது 2012 இல் வந்த 7 வரிசையில்தான். அதாவது பி75, எச்77 மாதிரியானவை. எச்61 அதற்கு ஒரு படி முந்தியது. அதனால்தான் இந்தப் பெட்டியில் 3.0 இன் அடையாளமான நீலத் துளை ஒன்றுகூட இல்லை.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது, கடைக்குப் போகிறவர்களுக்கு உதவும். அதே 5 கிகாபிட்டுக்குப் பிறகு 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள், அதன் பிறகு 3.2 ஜென் 1 என்று இன்னொரு முறை மாற்றினார்கள். வேகம் ஒரு துளி கூடவில்லை. ஆகவே பெட்டியில் பெரிய எழுத்தில் 3.2 என்று போட்டு ஒன்றும், 3.0 என்று போட்டு இன்னொன்றும் வேறு வேறு விலையில் இருந்தால், பக்கத்தில் சின்ன எழுத்தில் 5 ஜிபிபிஎஸ் என்று இருக்கிறதா, 10 என்று இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

சரி, ஸ்லொட். மச்சானின் போட்டில் நீளமான எக்ஸ்16 ஸ்லொட் ஒன்று, குட்டி எக்ஸ்1 ஸ்லொட் இரண்டு, எல்லாமே காலி. எக்ஸ்1 ஸ்லொட்டின் வேகம் போட்டின் வயதைப் பொறுத்தது. ஜி31, ஜி41 மாதிரிப் பழைய போட்களில் அது முதல் தலைமுறை, ஒரு திசைக்கு 250 எம்பி உச்சம். எச்61 இல் இரண்டாம் தலைமுறை, 500 எம்பி. அதாவது 5 கிகாபிட் கார்டுக்கு எச்61 இன் குட்டி ஸ்லொட் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கார்டில் நாலு துளை இருந்தாலும் அந்த 500 நாலுக்கும் பொது. துளைக்கு 500 இல்லை.

ஜி41 வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு மனம் சோரத் தேவையில்லை. 250 உச்சத்தில் கைக்கு 200 வரை வரும், 2.5 அங்குல வெளி ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் அந்த அளவுக்கு ஓடாது. வெளி எஸ்எஸ்டி பாவிக்கிறவர்களுக்குத்தான் அந்த ஸ்லொட் போதாது. பழைய வெள்ளை நிற பிசிஐ ஸ்லொட் மட்டும் இருக்கிற போட் என்றால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம், அது மொத்தமாகவே 133 எம்பிதான், அதையும் எல்லாக் கார்ட்களும் பங்குபோட வேண்டும்.

இனி கரண்ட். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

யூஎஸ்பி துளையில் வருவது 5 வோல்ட். ஆனால் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டில் 5 வோல்ட் கிடையாது, 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்தான் இருக்கின்றன. ஆகவே கார்ட் செய்கிறவனுக்கு இரண்டு வழி. ஒன்று, ஸ்லொட்டின் 12 வோல்ட்டைக் கார்டிலேயே 5 ஆகக் குறைப்பது. மற்றது, பவர் சப்ளையில் இருந்து ஒரு வயரை நேராகக் கார்டுக்கு இழுத்து அதிலிருந்து 5 வோல்ட்டை எடுப்பது. முதல் வகைக் கார்டை உற்றுப் பார்த்தால் தங்க நிறப் பற்களுக்கு மேலே கறுப்புச் சதுரக் கட்டி ஒன்று இருக்கும், மேலே 4ஆர்7 மாதிரி ஏதாவது எழுதியிருக்கும், அது வோல்ட்டைக் குறைக்கிற சுற்றின் சுருள். பக்கத்தில் எட்டுக் கால் சிப் ஒன்று. இரண்டாவது வகையில் கார்டின் பின் ஓரத்தில் சாட்டா பவர் வாயோ, பழைய நாலு பின் மொலெக்ஸ் வாயோ தெரியும்.

யூஎஸ்பி 3.0 துளை ஒன்று 900 மில்லிஆம்ப் வரை தரவேண்டும், அதாவது 4.5 வாட். நாலு துளைக்கும் 18 வாட். எக்ஸ்1 கார்ட் ஒன்று ஸ்லொட்டில் இருந்து சாதாரணமாக எடுக்கலாம் என்று தரம் சொல்வது 10 வாட். கணக்கு அங்கேயே இடிக்கிறது. பென் டிரைவ், கார்ட் ரீடர் மட்டும் குத்துகிற ஆளுக்கு இது ஒரு விஷயமே இல்லை, அவை கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஆனால் 2.5 அங்குல வெளி ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்குகிற அந்த முதல் சில விநாடிகளில் 1 ஆம்ப் வரை இழுக்கக்கூடும். ஸ்டூடியோவில் ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் குத்தாத நாள் குறைவு.

வார்த்தையில் சொல்லிக்கொண்டிருக்காமல் செய்தே பார்த்தோம். என்னிடம் வயர் வாய் இல்லாத முதல் வகைக் கார்ட் ஒன்று கிடந்தது, மலிவானது. அதைப் பூட்டி ஒரு டிஸ்க் குத்தினோம், பிரச்சினை இல்லை. அது கொப்பி பண்ணிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது டிஸ்க்கைக் குத்தினோம். இரண்டாவதின் லைட் எரிந்தது, உள்ளே "டிக், டிக்" என்று இரண்டு சத்தம், உடனே முதல் டிஸ்க்கும் திரையில் இருந்து காணாமல் போய்விட்டது. மச்சான் என்னைப் பார்த்தார். மல்டிமீட்டரை ஒரு துளையில் பிடித்துக்கொண்டு திரும்பவும் செய்தபோது 5.0 இல் நின்ற எண் இரண்டாவது டிஸ்க் சுழலத் தொடங்கியதும் 4.4 க்கு இறங்கி ஏறியது. சாதாரண மீட்டர் மெதுவானது, அதுவே 4.4 காட்டினால் உண்மையில் அதைவிடக் கீழே போயிருக்கும். கொப்பி நடுவில் இப்படிக் கழன்றால் கோப்பு மட்டும் கெடும் என்று நினைக்கக்கூடாது, டிஸ்க்கின் கோப்பு அட்டவணையே குழம்பலாம். ஒரு கலியாணத்தின் முழு வீடியோ அதில் இருக்கிறது. அந்தக் கார்ட் பென் டிரைவ் மட்டும் குத்துகிற ஆளுக்கென்று திரும்பப் பெட்டிக்குள் போனது.

ஆகவே தேடியது வயர் வாய் உள்ள கார்ட். பலாலி வீதியால் திருநெல்வேலி தாண்டி டவுனுக்குப் போய் விசாரித்தோம். ஒரு கடையில் நாலு துளைக் கார்ட் இருந்தது, சாட்டா வாயோடு. கடைப் பெடியனிடம் "தம்பி, இதிலை என்ன சிப்?" என்று கேட்டேன். "சிப் தெரியாது அண்ணை, ஆனா நல்லாப் போகுது" என்றான். நேர்மையான பதில்தான். பெட்டியைத் திறந்து பார்க்க விட்டதால் நானே பார்த்தேன்: ரெனேசாஸ் 720201. நல்லது. யூஎஸ்பி 3.0 க்கு முதல் முதலில் 2009 இல் சிப் போட்டது ஜப்பானின் என்ஈசி, அந்தப் பிரிவு அடுத்த வருஷம் ரெனேசாஸோடு சேர்ந்தது, 720201 அந்த வழியில் வந்த நாலு துளைச் சிப். வீஐஏ நிறுவனத்தின் விஎல்805 என்றாலும் எடுத்திருப்பேன், ராஸ்பெரி பை 4 இல் இருப்பதும் அதே சிப்தான், லினக்ஸில் அதற்கு நல்ல பழக்கம் உண்டு. சிப்பின் மேல் எழுத்தைச் சுரண்டி அழித்திருந்தாலோ ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தாலோ நான் வாங்க மாட்டேன். டவுனில் கிடைக்காவிட்டால் கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போகிற ஆரிடமாவது சொல்லிவிடலாம், சின்னச் சாமான், பையில் ஒரு மூலையில் வரும்.

கடையில் இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார்கள், மொலெக்ஸில் இருந்து சாட்டாவுக்கு மாற்றுகிற வயர். பவர் சப்ளையில் சாட்டா பிளக் மிச்சம் இல்லாதவர்கள் இதைத்தான் வாங்குவார்கள். அதில் இரண்டு வகை உண்டு. சாட்டா பக்கம் முழுக்க பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மூடியது ஒன்று, வயர்கள் தனித்தனியாகக் கிளிப்பில் அழுத்தப்பட்டு வெளியே தெரிவது மற்றொன்று. வார்த்ததை வாங்காதீர்கள். உள்ளே வயர்கள் நெருங்கி, காலப்போக்கில் ஒன்றையொன்று தொட்டு, உருகி எரிகிற பழக்கம் அதற்கு உலகம் முழுக்கவே உண்டு. மச்சானின் சப்ளையில் சாட்டா பிளக் ஒன்று காலியாக இருந்தபடியால் எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

பெட்டியைத் திறந்தால் உள்ளே சிவப்பு. கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செம்பாட்டு மண் சோளகக் காற்றோடு யன்னலால் வந்து விசிறி இழுக்கிற இடமெல்லாம் படியும். சிபியூ விசிறிக்குக் கீழே அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கம்பளி. காலி ஸ்லொட்களின் வாய்க்குள்ளும் அதே தூசி, இத்தனை வருஷமாக மூடி இல்லாமல் கிடந்தவை. இதைத் துப்பரவாக்காமல் கார்டை அமுக்கினால் தூசியும் சேர்ந்து பற்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவில் இறுகும். ரயர் ஒட்டுகிற கடையின் கொம்பிரசரால் ஊதுகிற வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது, எனக்கு அதில் விருப்பமில்லை, அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். கையால் அமுக்கி ஊதுகிற ரப்பர்ப் பந்தும், பாவிக்காத ஒரு அங்குலப் பெயின்ற் பிரஷும் எடுத்தேன். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும், ஊதுகிற காற்றில் அதைக் கண்டபடி சுழல விடக்கூடாது. கடற்கரைப் பக்கத்து ஆட்கள் என்றால் தூசியைவிட உப்புக் காற்றின் பாசிதான் கவலை, கார்டின் தங்கப் பற்கள் மங்கியிருந்தால் பள்ளிக்கூட அழிறப்பரால் மெதுவாக ஒரு திசையில் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுப் போட்டால் சரி.

பூட்டுவது பெரிய வேலை இல்லை. சுவரில் பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனை ஒரு தரம் அமுக்கி மிச்சக் கரண்டை இறக்கி, பெட்டியின் பெயின்ற் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, பின் தகடு ஒன்றைக் கழட்டி, கார்டை இரண்டு நுனியிலும் ஒரே அளவாக அமுக்கி, ஸ்குரூவை இறுக்கி, சாட்டா வயரைக் குத்தியாயிற்று. எக்ஸ்1 ஸ்லொட் இரண்டில் எக்ஸ்16 க்குத் தள்ளி இருப்பதில் போட்டேன், நாளைக்கு ஒரு கிராபிக்ஸ் கார்ட் வந்தால் அதன் விசிறிக்கு இடம் வேண்டும். மூடுவதற்கு முதல் பவர் சப்ளையின் சிவப்பு வயரை மீட்டரால் பார்த்தேன், 5.03. அது 4.75 க்கும் 5.25 க்கும் இடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கார்டைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு முதலில் சப்ளையை மாற்றுங்கள்.

இந்த வயர் விஷயத்தில் ஒரு பழைய குழப்பத்தைச் சொல்ல வேண்டும். சாட்டா வாய் உள்ள கார்டில் வயரைக் குத்தாமல் விட்டால் என்ன நடக்கும் என்று தெரியாமல் ஆட்கள் டிரைவரைத் தேடி அலைவார்கள். சிப்புக்குத் தேவையான கரண்ட் ஸ்லொட்டில் இருந்து வருகிறது, ஆகவே விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் கண்ட்ரோலர் அழகாகத் தெரியும், மஞ்சள் அடையாளம் எதுவும் இருக்காது. துளைகளுக்கு மட்டும் 5 வோல்ட் இல்லை. பென் டிரைவ் குத்தினால் லைட்டும் எரியாது, சத்தமும் வராது. "டிரைவர் பிழை" என்று விண்டோஸைத் திரும்பப் போட்டவர்களையும் எனக்குத் தெரியும். மென்பொருள் எல்லாம் சரியாகத் தெரிந்து துளை மட்டும் செத்துக் கிடந்தால் முதலில் அந்த வயரைப் பாருங்கள்.

டிரைவர் கதை சின்னது. விண்டோஸ் 8 இல் இருந்து இதற்கான டிரைவர் உள்ளேயே வருகிறது, மச்சானிடம் இருப்பது விண்டோஸ் 10, போட்டதும் தானே கண்டுகொண்டது. விண்டோஸ் 7 இல் கிடையாது, சிப் செய்தவரின் டிரைவரைத் தேடிப் போட வேண்டும், கடைக்காரர் தருகிற சீடியைத் தொலைக்காதீர்கள். லினக்ஸ் 2009 இலேயே, 2.6.31 கேர்னலில், யூஎஸ்பி 3.0 ஐ ஏற்றுக்கொண்டது, எல்லாருக்கும் முதலாக. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது, இந்த ஐ5 க்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, ஆகவே இரண்டாவது பார்ட்டிஷனில் லினக்ஸும் போட்டு வைத்திருக்கிறோம். சோதனைக்கு அதுதான் வசதி: எல்எஸ்யூஎஸ்பி கட்டளைக்குப் பின்னால் ஒரு கோடும் சின்ன டி யும் போட்டால் (lsusb -t) எந்தச் சாமான் எந்த வேகத்தில் தொங்குகிறது என்று மரம் மாதிரிக் காட்டும். 5000எம் என்று இருந்தால் 3.0, 480எம் என்று இருந்தால் 2.0.

அந்த 480எம் எங்களுக்கும் வந்தது, அதுவும் இரண்டு வேறு காரணங்களுக்காக. முதலாவது, கேபிள். வெளி டிஸ்க்கில் இருக்கிற அகலமான வாய் இரண்டு துண்டாக இருக்கும், அதன் பெரிய பாதிக்குள் பழைய ஃபோன் சார்ஜர் கேபிள் அப்படியே நுழையும். டிஸ்க்கும் வேலை செய்யும், ஆனால் 2.0 வேகத்தில். ஸ்டூடியோவில் மூலக் கேபிள் எங்கேயோ போய்விட, இவ்வளவு காலமும் அந்த டிஸ்க் சார்ஜர் கேபிளில்தான் ஓடியிருக்கிறது, துளையே 2.0 ஆக இருந்தபடியால் ஆருக்கும் தெரியவில்லை. இரண்டாவது, குத்துகிற விதம். நீல பிளக்கின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள்: முன்பக்கம் நாலு தட்டையான தொடுப்பு, அது 2.0 க்கு. கொஞ்சம் உள்ளே தள்ளி ஐந்து மெல்லிய தொடுப்பு, அதுதான் 3.0 க்கு. பிளக்கைத் துளை நோகாமல் மெதுவாக, மெதுவாகத் தள்ளினால் முன் நாலும் முதலில் தொட்டு, கொம்பியூட்டர் "ஓ, 2.0 சாமான்" என்று முடிவு கட்டிவிடும். பின் ஐந்தும் பிறகு தொட்டாலும் சில சாமான்கள் அதே வேகத்திலேயே நின்றுவிடும். ஸ்டூடியோவில் வேலை செய்கிற தங்கச்சி எதையும் பூப்போலக் கையாள்கிற ஆள், அவர் குத்தினால் 480, நான் குத்தினால் 5000. கழட்டி ஒரே தள்ளாகக் குத்தச் சொன்னதும் சரியாகிவிட்டது.

அளவுகள் இப்படி வந்தன. விண்டோஸின் கொப்பி ஜன்னல் காட்டுகிற முதல் வேகத்தை நம்பவில்லை, அது ராமுக்குள் கொட்டுகிற வேகம், ஒரு பெரிய வீடியோக் கோப்பைக் கொப்பி பண்ணி நேரம் பிடித்துப் பிரித்த எண்தான் இவை. எஸ்டி கார்ட், 3.0 ரீடரோடு, பழைய துளையில் விநாடிக்கு 34 எம்பி, புதியதில் 88. இந்தக் கார்ட் யூஎச்எஸ்-1 வகை, அந்த வகையின் உச்சமே 104, ஆகவே அதற்கு மேல் கேட்க முடியாது. 2.5 அங்குல வெளி டிஸ்க்குக்கு எழுதுவது 32 இல் இருந்து 108. 64 ஜிபி கார்ட் ஒன்று இப்போது பன்னிரண்டு நிமிஷத்தில் இறங்குகிறது. மலிவான 3.0 பென் டிரைவ் ஒன்றையும் ஆசைக்குப் போட்டுப் பார்த்தோம், எழுதுவது 14 இல் இருந்து 15 ஆனது, அவ்வளவுதான். அதன் உள்ளே இருக்கிற பிளாஷ் அப்படி, துளையில் குற்றமில்லை. கலியாணக்காரருக்கு பென் டிரைவில் போட்டுக் கொடுக்கிற நேரம் இந்த வேலையால் குறையாது என்பதை மச்சானுக்கு அப்போதே சொல்லிவிட்டேன்.

வெளி எஸ்எஸ்டி ஒன்றும் கடன் வாங்கிச் சோதித்தோம். படிக்கும் வேகம் மட்டும் 385 எம்பி வந்தது, ஸ்லொட்டின் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் அதிலிருந்து பெட்டிக்குள் இருக்கிற எஸ்எஸ்டிக்குக் கொப்பி பண்ணினால் 250 க்கு மேல் ஏறவில்லை. காரணம் யூஎஸ்பி இல்லை. எச்61 இல் இருக்கிற சாட்டா துளைகள் எல்லாமே 3 கிகாபிட், நடைமுறையில் 270 அளவில் முட்டிக்கொள்ளும்.

முன்பக்கத் துளைக்கு வருவோம். கார்ட்டின் நாலு துளையும் பெட்டியின் பின்னால், மேசைக்குக் கீழே குனிந்து குத்த வேண்டும். கார்டின் உள்பக்கத்தில் 19 பின் தலை உள்ள வகையும் கிடைக்கிறது, பெட்டியின் முன்னால் வெறுமனே கிடக்கிற ஃப்ளொப்பி இடத்தில் இரண்டு நீலத் துளை உள்ள தட்டைப் பூட்டி அதோடு தொடுக்கலாம். அந்தக் கேபிள் தடிப்பு, வளைய மறுக்கும், பிளக்கைக் கோணலாக இழுத்தால் தலையின் பின்கள் வளைந்துவிடும், ஆகவே பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அதில் இறங்க வேண்டும். நாங்கள் அதில் மினக்கெடவில்லை. ஒரு மீற்றர் நீட்டு கேபிள், 3.0 என்று எழுதியது, மேசை விளிம்பில் ஒட்டியாயிற்று. நீளம் கூடக் கூட 3.0 சிக்னல் பலவீனமாகும், டிஸ்க்கின் கேபிளோடு சேர்த்து மொத்தம் மூன்று மீற்றரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீபோட்டைப் புதிய கார்டில் குத்த வேண்டாம். பழைய பயோஸுக்கு (கொம்பியூட்டரைப் போட்டதும் முதலில் ஓடுகிற மென்பொருள்) இந்தக் கார்டோடு கதைக்கத் தெரியாது, விண்டோஸ் ஏறிய பிறகுதான் உயிர் வரும், பயோஸுக்குள் போக எஃப்2 அமுக்கினால் ஒன்றும் நடக்காது. விண்டோஸோ லினக்ஸோ போடுகிற பென் டிரைவையும் அதே காரணத்துக்காகப் பழைய 2.0 துளையில்தான் குத்த வேண்டும்.

பூட்டி முடித்த பிறகு ஒரு விசித்திரமான முறைப்பாடு வந்தது: "கொப்பி ஓடேக்கை மவுஸ் இழுபடுது." வயர் இல்லாத மவுஸ், அதன் குட்டி ரிசீவர் பின்பக்கத்தில் கார்டுக்குப் பக்கத்துத் துளையில். யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும், இன்டெல் 2012 இல் இதைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. இந்த வகை மவுஸ் ஓடுவதும் அதே 2.4 இல். ரிசீவரைக் கழட்டி முன்பக்க 2.0 துளைக்கு மாற்றியதும் மவுஸ் சரியானது. வைஃபை டொங்கிள் வைத்திருக்கிறவர்களும் இதே மாதிரித் தள்ளிக் குத்துங்கள், "இன்டர்நெட் ஸ்லோ" என்று சேவைக்காரனைத் திட்ட முதல்.

மச்சானுக்கு ருசி பிடித்துவிட்டது, இப்போது 10 கிகாபிட் கார்ட் போட்டால் என்ன என்கிறார். போடலாம்தான், ஆனால் குட்டி ஸ்லொட்டில் அதற்கு வழி இல்லை, 500 இலேயே நிற்கும். எக்ஸ்2, எக்ஸ்4 அளவில் வருகிற கார்டை வாங்கி அந்த நீளமான எக்ஸ்16 ஸ்லொட்டில் போட வேண்டும், சில பழைய போட்கள் அந்த ஸ்லொட்டில் கிராபிக்ஸ் கார்ட் தவிர வேறொன்றையும் ஏற்காது. ஏற்றாலும் உள்ளே இருக்கிற சாட்டா 270 இல் கையை விரித்துவிடும். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் விட்டுவிட்டார். அந்தக் காசில் கொஞ்சத்துக்கு இரண்டாவது கார்ட் ரீடர் ஒன்று வாங்கி, இரண்டு கமராவின் கார்ட்டையும் ஒரே நேரத்தில் இறக்குகிறார். ஒன்று 87, மற்றது 84, இரண்டையும் கூட்டினாலும் ஸ்லொட்டில் பாதிக்கு மேல் இன்னும் சும்மாதான் கிடக்கிறது.